சொந்தப் பிளாட்பாரம்

ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்தத்தில் ராயகிரியில் வேல்ராஜுக்கும் காவியாவுக்கும் கல்யாணம் நடந்தது. சங்கரன்கோவில் கரிசல் சாப்ட்வேர் கம்பெனியில் அவனோடு வேலை பார்க்கும் எட்டுப் பேரும் ஒரு வேனில் போய் மொய் எழுதி, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, மாப்பிள்ளை பொண்ணோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். முதலாளி துரைப்பாண்டி மேடையில் வைத்தே வேல்ராஜின் தோளைத் தட்டினார்.

"பத்து நாளைக்கு ஆபீஸ் பக்கம் தலை வச்சுப் படுக்கக் கூடாது, கேட்டியா? போனை அணைச்சுப் போடு. நாங்க பாத்துக்கிடுதோம்."

பக்கத்தில் நின்ற ஷமீரா சிரித்தாள். அந்த "நாங்க" என்ற சொல் இரண்டே நாளில் தன் தலையில் வந்து விடியும் என்று அவளுக்குத் தெரியாது.

ஷமீராவுக்கு ஊர் கடையநல்லூர். கணவன் ரிபாயி தம்மாமில் வேலை பார்க்கிறான். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு ஆறு வருஷம் வீட்டிலிருந்தவள், மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு கரிசல் சாப்ட்வேரில் டெஸ்டிங் வேலைக்கு வந்தாள். மற்றவர்கள் செய்து கொடுப்பதை எல்லாவிதத்திலும் தட்டிப் பார்த்து, எங்கே உடைகிறது என்று சொல்வது அவள் வேலை. தினமும் பஸ்ஸில் வந்து, ராஜபாளையம் ரோட்டில் டயர் கடைக்கு மேலிருக்கும் ஆபீசுக்கு மாடியேறுவாள்.

அந்தக் கம்பெனியின் பெயர் வெளியே தெரிந்தது 'குழாயடி' என்ற செயலியால்தான். கரிசல்காட்டு ஊர்கள் பலவற்றில் ஒரு தெருவுக்குக் குடிதண்ணீர் ஆறு நாளைக்கோ எட்டு நாளைக்கோ ஒருமுறைதான் வரும். எப்போது வரும் என்பது வால்வு திறக்கிறவருக்கு மட்டும் தெரியும். குழாயடி வந்த பிறகு, அவர் முந்தின நாள் சாயங்காலம் தன் போனில் தெருவையும் நேரத்தையும் தொட்டுவிட்டால் போதும், அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் மெசேஜ் போய்விடும். பதினான்கு ஊர்த் தண்ணீர்க் குழுக்கள் அதை வைத்திருந்தன. இன்னும் இருபத்திரண்டு ஊர்கள் எங்களுக்கும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தன.

காத்திருக்க வேண்டி வந்ததற்குக் காரணம், ஊரை ஏற்றத் தெரிந்தவன் வேல்ராஜ் ஒருவன்தான் என்பது. குழாயடி ஓடியது கிளவுடில். எங்கேயோ ஒரு பெரிய கம்பெனி ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை அடுக்கி ஓடவிட்டிருக்கிறது. வேண்டியதை அங்கே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு புது ஊருக்கும் எதை எடுப்பது, எதை எதோடு இணைப்பது, விவரங்களுக்குத் தினசரி நகல் எப்படி வைப்பது, வால்வுக்காரருக்கு எந்த அளவு உரிமை கொடுப்பது என்பதெல்லாம் வேல்ராஜின் கைக்குத்தான் தெரியும். ஒரு ஊரை ஏற்ற அவனுக்கு நாலு நாள் ஆகும். இடையில் பழைய ஊரில் ஏதாவது நின்றுபோனால் ஒரு வாரம்.

துரைப்பாண்டிக்கு இது பெரிய மனக்குறை. தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் ஆரம்பித்து இவ்வளவு தூரம் வந்தவர். திருநெல்வேலியில் ஒரு தொழில் கூட்டத்தில் யாரோ, "எத்தனை நாளைக்குக் கிளவுட் கொடுக்கதை வச்சே ஓட்டுவீங்க? உங்க செயலி எல்லாம் ஓட உங்களுக்குன்னு ஒரு பிளாட்பாரம் கட்டுங்க. அதுக்குன்னே பிரேம்வொர்க்குன்னு ஒரு சட்டகம் சும்மாவே கிடைக்குது" என்று பேசியது அவர் மனசில் ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது. ஊருக்கு வந்ததும் வேல்ராஜைப் பிடித்து, கல்யாணத்துக்கு முந்தியே அந்த பிரேம்வொர்க்கைப் போட்டாக வேண்டும் என்றார். அவனும் போட்டான்.

"போட்டாச்சு அண்ணாச்சி. ஆனா உள்ள இன்னும் ஒண்ணும் இல்ல. லீவு முடிஞ்சு வந்து பேசுவோம்" என்றான்.

துரைப்பாண்டியின் காதில் "போட்டாச்சு" மட்டும்தான் விழுந்தது.

கல்யாணம் முடிந்து வந்த செவ்வாய்க்கிழமை காலை ஷமீரா பஸ்ஸை விட்டு இறங்கி முகத்தைத் துடைத்துக்கொள்வதற்குள் போன் அடித்தது. மேலநீலிதநல்லூர் பக்கத்து ஊர் ஒன்றில் வால்வு திறக்கும் ஆறுமுகச்சாமி.

"ஏம்மா, நேத்து சாயந்தரம் மேலத்தெருவுக்கு அமுக்குனேம்லா? இப்பத் தண்ணியைத் தொறந்துவிட்டா தெருவுல பாதிப் பேரைக் காணோம். மெசேஜே வரலங்காவ. என்னையப் போட்டு வையுதாவ."

"ஒரு நிமிசம் அண்ணாச்சி, ஆபீசுக்குப் போயி பாக்கேன்."

ஆபீஸ் படியேறுவதற்குள் இன்னும் மூன்று போன் வந்தது, மூன்றும் வேறு வேறு ஊர். போன் எடுக்கும் ஞானபூரணம் வாசலிலேயே நின்று, "மக்கா, காலையிலேருந்து அடிச்சிக்கிட்டே கெடக்கு, நான் என்ன சொல்லட்டும்?" என்றாள். ஷமீரா கம்ப்யூட்டரைத் திறந்து குழாயடியைத் தேடினாள். பதினான்கு ஊர்களில் ஒன்றுகூட இல்லை. கிளவுடுக்குள் நுழையப் பார்த்தால், இந்தக் கணக்கு மூடப்பட்டுவிட்டது என்று ஒரு வரி மட்டும் வந்தது.

யாரோ உள்ளே புகுந்து திருடிவிட்டார்கள் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். அல்லாவே என்று வாய் முணுமுணுத்தது. துரைப்பாண்டியின் அறைக்கு ஓடினாள்.

அவர் பதறவில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"நாந்தான் நேத்து சாயந்தரம் மூடினேன். கிளவுட்காரன் நாலஞ்சு தடவை நிச்சயமா, நிச்சயமான்னு கேட்டான். எல்லாத்துக்கும் டிக் அடிச்சிட்டேன். சொந்த வீடு கட்டினப்புறம் வாடகை வீட்டுச் சாவி எதுக்கும்மா?"

"சொந்த வீடா?"

"அந்தப் பிரேம்வொர்க்குதான். இனி எல்லாம் அதுலதான் ஓடும். தானா மாறுததுக்கு ஒரு நாள் ஆகும்போல. அதான் இந்தச் சின்னத் தடங்கல்."

"அண்ணாச்சி, அந்தப் பிரேம்வொர்க்கை ஒருதரம் தொறந்து காட்டுங்க" என்றாள்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வேல்ராஜ் எழுதிக் கொடுத்திருந்த முகவரியை ஒற்றை விரலால் தட்டினார். திரை சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு பக்கம் கிடைக்கவில்லை என்றது. மறுபடியும் தட்டினார்.

"இது எங்கன போச்சு?" என்றார். முதல்முறையாக அவர் குரல் தாழ்ந்திருந்தது.

அது எங்கே போயிற்று என்று ஷமீராவுக்கும் விளங்கவில்லை. வேறு வழியில்லாமல் வேல்ராஜைக் கூப்பிட்டாள். நல்லவேளை, அவன் போனை அணைக்கவில்லை. மறுவீட்டு விருந்தில் இருந்தான். பின்னால் பாத்திரச் சத்தமும் யாரோ இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லும் சத்தமும் கேட்டன.

அவள் நடந்ததைச் சொல்லி முடித்தாள்.

"அக்கா, அந்தப் பிரேம்வொர்க்கை நான் எங்கன வச்சிருப்பேன்? நம்ம கிளவுட்லதான் ஒரு ஓரமா வச்சேன். அதுக்குன்னு தனியா கம்ப்யூட்டர் எதுவும் கெடையாது. அடியில கிளவுடை உருவிட்டா அது எப்படி நிக்கும்?" என்றான். பிறகு, "நான் கெளம்பி வாரேன்" என்றான்.

ஷமீரா கண்ணாடிக் கதவு வழியாகத் துரைப்பாண்டியைப் பார்த்தாள். அவர் இன்னும் அதே முகவரியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"வரக் கூடாது. இலையை விட்டு எந்திரிச்சா பொண்ணு வீட்டுல என்ன நெனப்பாங்க? ஒண்ணே ஒண்ணு சொல்லு. மூடின கணக்கைத் திருப்பித் தொறக்க முடியுமா?"

"கிளவுட்காரன் கொஞ்ச நாளைக்கு அழிக்காம வச்சிருப்பான். முதலாளி பேர்லேருந்து கேக்கணும். ஒண்ணு ரெண்டு நாள் ஆவும்."

அந்த ஒன்றிரண்டு நாள் அவளுக்குப் பெரிய பாடமாகிப்போனது. கிளவுட் கம்பெனிக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதி, துரைப்பாண்டியின் போனுக்கு வந்த ஓ.டி.பி. எண்களைக் கேட்டுக் கேட்டுப் போட்டு அனுப்பிவிட்டாள். ஆனால் அதுவரை பதினான்கு ஊருக்கும் தகவல் போயாக வேண்டும். வீட்டுக்காரர்களின் போன் நம்பர்கள் எல்லாமே கிளவுடுக்குள் மாட்டிக்கொண்டிருந்தன. வெளியில் இருந்தது ஞானபூரணத்தின் டைரி மட்டும். அதில் வால்வு திறக்கிறவர்கள் பதினான்கு பேருடைய நம்பர் இருந்தது. அவள் பழக்கத்தால் எழுதி வைத்தது.

"ஒவ்வொருத்தரா கூப்பிடுவோம் அக்கா. எந்தத் தெருன்னு கேட்டு, கோயில் மைக்குலயோ பள்ளிவாசல் மைக்குலயோ சொல்லச் சொல்லுவோம்" என்றாள் ஷமீரா.

இரண்டு பேரும் ஆளுக்கு ஏழு ஊர் பிரித்துக்கொண்டார்கள். மைக் இல்லாத ஊரில் ஆறுமுகச்சாமி மாதிரி ஆட்கள் சைக்கிளில் தெருத்தெருவாகப் போய்ச் சொன்னார்கள். பெரும்பாலான தெருக்கள் தப்பித்தன. ஆனால் செவ்வாய்க்கிழமை காலையில் நடந்ததை ஒன்றும் செய்ய முடியவில்லை.

புதன்கிழமை மத்தியானம் ஒரு பெண் மாடியேறி வந்தாள். பெயர் கோமதித்தாய், ஆறுமுகச்சாமி ஊரில் மேலத்தெரு. திருவேங்கடம் பக்கத்தில் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிறவள். காலை ஆறரைக்கெல்லாம் வேன் வந்துவிடும். தண்ணீர் வருகிற நாள் மட்டும் அவள் வேலைக்குப் போகமாட்டாள். பையிலிருந்து போனை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

"இதுல ஒண்ணும் வரல. அதனால வேன் ஏறிட்டேன். வீட்டுல நடக்க முடியாத மாமியாரு மட்டுந்தான். வந்து பாத்தா எல்லாக் கொடமும் காலி" என்றாள்.

"எங்க தப்புதான் அக்கா" என்றாள் ஷமீரா.

"தப்பு யாரு மேலன்னு கேக்க வரலம்மா. இந்த மெசேஜ் வாரதுக்கு முந்தி தெனமும் வேன் ஏறுததுக்கு முன்னாடி ஆறுமுகச்சாமி அண்ணாச்சி வீட்டுக்கு ஓடிப்போயி, இன்னைக்கு எந்தத் தெருன்னு கேட்டுட்டு வருவேன். நீங்கதான் இனி ஓட வேண்டாம்னு சொன்னீய. ஒரு வருசமா நான் ஓடல. இனிமே நான் ஓடணுமா வேண்டாமா? அதைச் சொல்லுங்க, போறேன்."

கண்ணாடிக் கதவு திறந்தது. துரைப்பாண்டி வெளியே வந்து கோமதித்தாயின் முன்னால் நின்றார்.

"மூடினது நாந்தாம்மா. இந்தப் பிள்ளைகளுக்கு ஒண்ணும் தெரியாது. வாங்க, உங்க ஊருக்குப் போவோம்" என்றார்.

தன் காரிலேயே அவளைக் கூட்டிப்போனார். தண்ணீர்க் குழுவிடம் பேசி, மேலத்தெருவுக்கு அன்று சாயங்காலம் முக்கால் மணி நேரம் தண்ணீர் விடச் செய்தார். விடுபட்ட வீடுகளுக்கு எல்லாம் தானே போய், நாளை மறுநாளுக்குள் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு வந்தார். அடுத்த நாள் ஆபீசில் அவர் முகம் வெயிலில் கருத்திருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் கிளவுட் கணக்கு திறந்தது. பத்து ஊர்கள் தாமாகவே உயிர் பெற்று வந்தன. ஆறுமுகச்சாமி ஊர் அதில் ஒன்று. ஞானபூரணம் கையைத் தட்டினாள். ஆனால் மிச்சம் நாலு ஊர் வரவேயில்லை.

வேல்ராஜின் மேசை டிராயரில் அவன் குறிப்புகள் ஒரு நோட்டு நிறைய இருந்தன. மறுபடியும் அவனை விருந்திலிருந்து கூப்பிட மனமில்லாமல் ஷமீரா அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பக்கம். முதல் ஊருக்கு இருபது வரி. இரண்டாவதற்கு எட்டு வரி. மூன்றாவதிலிருந்து, ஊர் பெயருக்குக் கீழே இரண்டு வரி எழுதி, "மிச்சம் வழக்கம்போல" என்று முடித்திருந்தான். எந்த வழக்கம்? அது அவனுக்குத்தான் தெரியும். அவள் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, உடைத்து, மறுபடி போட்டு, அந்த நாலு ஊரையும் எழுப்பச் சனிக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டது. அப்படிச் செய்யும்போதே, புரியாத இடத்தையெல்லாம் ஒரு தாளில் கேள்வியாக எழுதிக்கொண்டு வந்தாள். முப்பத்தொரு கேள்வி சேர்ந்தது.

அன்று மற்றவர்கள் போன பிறகு துரைப்பாண்டி ஒரு டீயை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"நான் படிச்ச ஆளு இல்ல. நேராவே கேக்கேன். கிளவுடையும் பிளாட்பாரம்ங்காவ. இதையும் அந்தக் கூட்டத்துல பிளாட்பாரம்னுதான் சொன்னாவ. ரெண்டுக்கும் என்னதாம்மா வித்தியாசம்?"

ஷமீரா யோசித்தாள். இந்த வாரத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் அவளுக்கும் சொல்லத் தெரிந்திருக்காது.

"நம்ம குழாயடியவே எடுத்துக்கிடுங்க. ஆத்துலேருந்து பெரிய பைப்புல தண்ணி ஊரு டேங்க் வரைக்கும் வருதுல்லா, அது கிளவுட். யாரோ ஏத்துதாவ, யாரோ பராமரிக்காவ. நாம வாங்கிக்கிடுதோம். ஆனா டேங்குக்கு வந்த தண்ணி தானா தெருவுக்குப் போயிராது. எந்தத் தெருவுக்கு எத்தனை இஞ்சு பைப்பு, வால்வு எங்கன, யாரு தொறக்கணும்னு ஊருதான் முடிவு பண்ணி லைன் போடணும். நீங்க போடச் சொன்னது அந்த லைன் போடுததுக்கான சாமானும் முறையும். அதுக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி கெடையாது."

"அப்ப கிளவுடுக்குப் பதிலா இல்ல அது."

"இல்ல. கிளவுடு மேலதான் அது நிக்கும். நாளைக்கு வேற கிளவுடுக்கு மாறினாலும் அதோட சேந்து வரும். ஆனா அடியில ஏதாவது ஒண்ணு இருக்கணும்."

"இவ்வளவு நாள் வேல்ராஜ் என்ன செஞ்சான்?"

"லைன் இல்லாத ஊருல ஒவ்வொரு வீட்டுக்கும் கொடத்துல சுமந்தான் அண்ணாச்சி."

துரைப்பாண்டி தலையை ஆட்டினார். "நான் அந்தச் சாமானைக் கொண்டாந்து நடுவீட்டுல போட்டுட்டு, தண்ணி வந்துட்டுன்னு டேங்கை மூடியிருக்கேன்" என்றார். அதற்குப் பிறகு கேட்டது ஷமீராவுக்குப் பிடித்தது. "சரி, லைன் போட்டா அந்தப் பையன் சுமக்க வேண்டாமா?"

"வேண்டாம். ஆனா அவன் தலையில இருக்கத எல்லாம் எழுதி வாங்கணும். அதுதான் வேலையே."

வேல்ராஜ் ஆடி பிறந்து நாலாம் நாள் வேலைக்கு வந்தான். எல்லாருக்கும் அல்வா கொடுத்தான். ஷமீரா அவனிடம் முப்பத்தொரு கேள்வித் தாளைக் கொடுத்தாள். படிக்கப் படிக்க அவன் முகம் மாறியது.

"எதுக்கு இது?"

"பிரேம்வொர்க்குக்குள்ள எழுதுததுக்கு. புது ஊருன்னா ஒரு படிவம். ஊரு பேரு, தெருவு எத்தனை, வால்வுக்காரரு நம்பர். அவ்வளவுதான். மிச்சம் எல்லாம் அது தானா செய்யணும், நீ செய்யுத மாதிரியே."

"நான் செய்யுத மாதிரியே." அவன் அந்தச் சொற்களைத் திருப்பிச் சொன்னான். "எல்லாத்தையும் இதுல எழுதிக் கொடுத்துட்டா அப்புறம் நான் எதுக்கு அக்கா? பூரணம் அக்காவே படிவத்தை நெறப்பி ஊரை ஏத்திருவாவளே. எனக்குக் கல்யாணம் ஆகி ரெண்டு வாரம்கூட ஆகல. வேலை போச்சுன்னு வீட்டுல போயி சொல்லவா?"

ஷமீரா கோபப்படவில்லை. அவன் பயம் நியாயமானது என்று அவளுக்குத் தெரிந்தது. ரிபாயியும் இப்படித்தான், புது மெஷின் வரும்போதெல்லாம் தம்மாமிலிருந்து போனில் புலம்புவான்.

"மறுவீட்டுல சாப்பிட்டுக்கிட்டு இருந்தப்ப நான் போன் பண்ணுனேன்லா? அன்னைக்கு நான் வரச் சொல்லியிருந்தா வந்திருப்பே. நாளைக்கு உனக்குப் பிள்ளை பொறக்கும்போதும் போன் வரும். இருபத்திரண்டு ஊரு காத்துக் கெடக்கு. ஊருக்கு நாலு நாளுன்னு நீ சுமந்துக்கிட்டே இருந்தா, வேற எதைத்தான் கத்துக்கிடுவே?" என்றாள். "இன்னைக்குப் பதில் சொல்ல வேண்டாம். எடுத்துக்கிட்டுப் போ."

அவன் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனான். இரண்டு நாள் அவளிடம் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு அவள் மேசைக்கு வந்தான். தாளில் பதினேழாவது கேள்வியைச் சுட்டிக்காட்டினான்.

"வழக்கம்போலன்னு எழுதியிருக்கேம்லா? உக்காந்து யோசிச்சா என்கிட்ட ரெண்டு வழக்கம் இருக்கு. போன வருசம் நடுவுல ஒரு தரம் முறையை மாத்தியிருக்கேன். எனக்கே மறந்து போச்சு. அந்த நாலு ஊரு எந்திரிக்காம கெடந்தது அதனாலதான்." வெட்கத்தோடு சிரித்தான். "வீட்டுல காவியாகிட்ட காட்டினேன். 'முப்பத்தொண்ணுக்கும் பதில் தெரியுமா'ன்னு கேட்டா. தெரியும்னு சொல்லிட்டு எழுத உக்காந்தா, ஒம்பதுக்குத் தெரியல."

அன்றிலிருந்து வேலை ஓடத் தொடங்கியது. வேல்ராஜ் எழுதினான், ஷமீரா உடைத்தாள். அவன் மறுபடி எழுதினான். கையால் செய்தபோது பேசாமல் கடந்துபோன விஷயங்கள் எல்லாம் இப்போது முடிவு கேட்டு நின்றன. எல்லா ஊருக்கும் தினசரி நகல் கட்டாயமா, கேட்டவர்களுக்கு மட்டுமா? வால்வுக்காரர் தப்பான தெருவை அமுக்கினால் யார் திருத்தலாம்? இதையெல்லாம் பிரேம்வொர்க் சொல்லாது. துரைப்பாண்டியும் கூட உட்கார்ந்தார். கணக்கை மூடுவது போன்ற காரியத்தை ஒரு ஆள் மட்டும் செய்ய முடியாதபடி பூட்டு வேண்டும் என்று முதலில் சொன்னவர் அவர்தான்.

"ஒரு ஆளுன்னா, என்னையும் சேத்துத்தான்" என்றார்.

சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழா வந்தது. ஊரெல்லாம் ஜனம். பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஷமீரா கூட்டத்துக்கு நடுவே நடந்துதான் வந்து சேர்ந்தாள். தபசுக்கு இரண்டு நாள் ஆபீசுக்கு லீவு விட்டார்கள். அதற்கடுத்த திங்கட்கிழமை முதல் சோதனை.

படிவத்தை நிரப்ப ஞானபூரணத்தை உட்கார வைத்தார்கள். அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. போன் எடுப்பாள், கடிதம் தட்டுவாள். கிளவுட் என்றால் என்னவென்று அவள் கேட்டதும் இல்லை, யாரும் சொன்னதும் இல்லை. ஷமீரா வேண்டுமென்றே அவளைத் தேர்ந்தெடுத்தாள். ஞானபூரணம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, காத்திருந்த ஊர்களில் முதல் ஊரின் பெயரைத் தட்டி, மற்ற கட்டங்களையும் நிரப்பி, பொத்தானை அமுக்கினாள்.

சிவப்பாக ஒரு வரி வந்து எல்லாம் நின்றது.

"நான் எதையும் தொடலப்பா" என்று அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

வேல்ராஜ் குனிந்து பார்த்தான். "அக்கா, ஊரு பேரைத் தமிழ்ல போட்டிருக்கீய. இங்கிலீஷ்ல போடணும்."

"ஊரு பேரு தமிழ்லதானே இருக்கு?"

வேல்ராஜ் ஷமீராவைப் பார்த்தான். ஷமீரா, "அவங்க சரியாத்தான் போட்டிருக்காங்க. நம்மதான் தப்பு" என்றாள்.

அதைச் சரிசெய்ய இரண்டு நாள் பிடித்தது. புதன்கிழமை மறுபடியும் ஞானபூரணம் உட்கார்ந்தாள். தமிழிலேயே போட்டாள். அமுக்கினாள். திரையில் ஒவ்வொரு வரியாகப் பச்சை ஏறியது. இடம் எடுத்தாயிற்று, தெருக்கள் ஏறிவிட்டன, நகல் ஏற்பாடு ஆயிற்று, வால்வுக்காரருக்கு உள்ளே நுழையும் சாவி போயிற்று. வேல்ராஜ் கையைக் கட்டிக்கொண்டு, தான் எதையும் தொடவில்லை என்பதைத் தனக்கே காட்டுகிற மாதிரி நின்றான். கடைசி வரி மட்டும் மஞ்சளாக நின்றது. ஊர் பெயரில் மெசேஜ் அனுப்ப டெலிபோன் கம்பெனியின் அனுமதிக்குக் காத்திருக்கிறது என்று அதில் எழுதியிருந்தது. அது மனிதர்கள் பார்த்துக் கொடுப்பது, மூன்று நாள் ஆகும், அவசரப்படுத்த வழியில்லை. அது தெரிந்துதான் அந்த வரியைப் படிவத்தில் வைத்திருந்தார்கள்.

"எவ்வளவு நேரம்?" என்றார் துரைப்பாண்டி.

"பதினோரு நிமிசம்" என்றாள் ஷமீரா.

வேல்ராஜ் வெளியே போய், வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தான். ஷமீரா பின்னால் போனாள். அவன் கண் கலங்கியிருந்தது. ஆனால் வருத்தம் இல்லை.

"ரெண்டு வருசமா நான் செஞ்சதுதான் அக்கா அது. இவ்வளவு ஒழுங்கா நான் ஒரு நாளும் செஞ்சதில்ல" என்றான்.

சனிக்கிழமை அனுமதி வந்தது. அன்று சாயங்காலம் அந்த ஊரின் வால்வுக்காரர் முதல்முறையாகத் தெருவைத் தொட்டார். ஞானபூரணம் தன் நம்பரையும் அந்தத் தெருவோடு சேர்த்துப் போட்டிருந்தாள். போன் கிணுகிணுத்ததும் எழுந்து நின்று சத்தமாக வாசித்தாள். நாளை காலை ஆறு மணிக்குக் கீழத்தெருவுக்குத் தண்ணீர். யாரும் கேட்காமலே இரண்டு தடவை வாசித்தாள்.

ஆவணி பாதிக்குள் ஒன்பது ஊர்கள் ஏறிவிட்டன. ஒன்பதையும் ஏற்றியது ஞானபூரணம். வேல்ராஜ், ஒரு ஊரில் ஏதாவது நின்றால் ஊர்க்காரர்கள் கூப்பிடுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளும் வழியைக் கட்டிக்கொண்டிருந்தான். அது அவனுக்குப் புதுசு. தினமும் ஷமீராவிடம் எதையாவது காட்ட ஓடி வருவான்.

அப்போது ஒருநாள் மகாராஜா என்று ஒருவர் ஆபீசுக்கு வந்தார். திருவேங்கடம் பக்கம் ஆடு மேய்ப்பவர்கள் சேர்ந்து வைத்திருக்கும் சங்கத்தின் தலைவர். ஆடுகளுக்குத் தடுப்பூசி போட முகாம் வைக்கிறார்கள், ஆனால் முகாம் எந்த ஊரில் எந்த நாள் என்பது மேய்ச்சலுக்குப் போனவர்களுக்குத் தெரிவதே இல்லை, தண்ணிக்குச் செய்கிற மாதிரி எங்களுக்கும் செய்து கொடுக்க முடியுமா என்று கேட்டார்.

துரைப்பாண்டி வழக்கமான உற்சாகத்தோடு, "அதுக்கென்ன, நாளைக்கே..." என்று ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தினார். கதவைத் திறந்து ஷமீராவைக் கூப்பிட்டார்.

"இங்கன வாம்மா. அண்ணாச்சிக்கு ஆட்டு ஊசிக்கு வேணுமாம். நம்ம போட்ட லைன்லயே இது போகுமா, புதுசா போடணுமா? மொதல்ல நாம என்னென்ன முடிவு பண்ணணும்? நீ கேளு."

ஷமீரா ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு மகாராஜாவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, தண்ணிக்குத் தெருவு இருக்கு, அது எங்கயும் போகாது. உங்க ஆளுங்க ஆட்டை ஒரே எடத்துலயா போட்டிருப்பாங்க?"

மகாராஜா சிரித்துவிட்டார். "ஆட்டுக்கிடை என்னைக்கும்மா ஒரே எடத்துல கெடக்கும்? இந்த வாரம் ஒருத்தர் காட்டுல கெடந்தா, அடுத்த வாரம் எங்கன இருப்போம்னு எங்களுக்கே தெரியாது."

"அப்ப அதுதான் மொதல் கேள்வி" என்று சொல்லி ஷமீரா தாளில் எழுத ஆரம்பித்தாள். வேல்ராஜும் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தான்.